விஜயதசமியன்று மாற்றிய மெமரி

விஜயதசமி, சனிக்கிழமை, காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். என் மகளின் லேப்டாப்பில் புது மெமரியைப் பொருத்தி, அடிமூடியைத் திருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். திரையில் வெளிச்சம் வரவில்லை. உள்ளிருந்து இரண்டு முறை 'பீப்' என்றது. ஒரு மூச்சு விடும் இடைவெளி. மறுபடியும் இரண்டு முறை. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், பத்தரையோடு ராகுகாலம் முடியட்டும் என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடியே நான் காத்திருந்ததுதான்.

மதியம் இரண்டு மணிக்கு அந்த லேப்டாப்பில் அவளுக்குப் பரீட்சை. கல்லூரிப் பரீட்சை இல்லை, வேலைக்கான பரீட்சை. வெளிநாட்டுக் கம்பெனி. கேமராவையும் மைக்கையும் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும் புரோகிராமை ஒன்றரை மணி நேரத்தில் எழுதிக் காட்ட வேண்டும். இடையிடையே வரும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறைதான் உள்ளே போக முடியும். முன்கூட்டியே பதிவுசெய்த மெஷினிலிருந்துதான் எழுதலாம். பக்கத்து வீட்டில் கடன் வாங்க வழியில்லை. விஜயதசமி என்று ஒன்று அவர்கள் காலண்டரில் கிடையாது.

அந்த 'பீப்' கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை. ஒரு முகம்தான் கண்ணில் வந்து நின்றது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவனின் முகம். அவர் என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

ஓணத்துக்கு முன்னால் ஒருநாள், என் சர்க்கார் ஆபீஸ் விட்டதும், நானும் மகளும் அவன் கடைக்குப் போனோம். லேப்டாப் என் தம்பி சென்னையில் ஆறு வருஷம் உபயோகித்துவிட்டுக் கொடுத்தது. சாதாரண வேலைக்குப் பரவாயில்லை. கேமராவும் திறந்து, புரோகிராமும் ஓடி, கூடவே பரீட்சைக் கம்பெனியின் காவல் சாப்ட்வேரும் ஓடினால் நடுவில் அப்படியே உறைந்துவிடும். மெமரியைக் கூட்டினால் சரியாகும் என்று மகள் சொன்னாள். அவன் வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தான். மூன்றாம் நாள் கேட்கப் போனபோது கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"சேச்சி, இதுல மெமரி போர்டோட ஒட்டிப் பிடிச்சிருக்கு. கூட்டான் ஒக்காது. முடியவே முடியாது" என்றான். நாங்கள் வலியசாலைத் தெருத் தமிழர்கள் என்று தெரிந்ததால், மலையாளியான அவன் தனக்கு வந்த தமிழில் பேசினான்.

"வேற வழி?"

"வழியெல்லாம் உண்டு." கண்ணாடி அலமாரியிலிருந்து வேறொரு லேப்டாப்பை எடுத்து வைத்தான். "இது எடுத்தோ. செகண்ட்ஸ்தான், பக்ஷே புதுசு மாதிரி."

"அடியில சின்னதா ஒரு மூடி இருக்கே. அதைத் திறந்து பார்த்தேளா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நின்றிருந்தவர்களைப் பார்த்தான். "சேச்சி சர்க்கார் ஆபீஸ்ல ஃபைல் கட்டுப் பிரிக்கறது மாதிரி நினைச்சுட்டா. தோணும்போ தோணும்போ அவிழ்த்துப் பார்க்க இது ஃபைல் இல்ல. இதொண்ணும் பொண்ணுங்க கேஸில்ல சேச்சி. மோள்ட அச்சனை, இவ அப்பாவை அனுப்பு, நான் சொல்லிக் கொடுக்கறேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்காமல் எனக்காக வருத்தப்பட்டார். அதுதான் கூடுதலாக எரிந்தது. மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "போலாம் அம்மா" என்றாள். வந்துவிட்டோம்.

ஓணம் முடிந்த வாரத்தில் அவளுடைய முதல் பரீட்சை வந்தது, வேறொரு கம்பெனியுடையது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் லேப்டாப் உறைந்தது. அது திரும்ப உயிர்பெற்றபோது, உங்கள் முயற்சி முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் திரையில் இருந்தது. அவள் அழவில்லை. மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து மடித்தாள். மடித்து முடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். அதை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் லேப்டாப்பை என் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இருபது வயது சின்னவள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டாள். "ரெண்டே ஸ்க்ரூ மேடம்" என்று சின்ன மூடியைக் கழற்றினாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு. இரண்டு பக்கமும் இருந்த கிளிப்பை அவள் நகத்தால் விலக்கியதும் தகடு தானாகச் சரிந்து எழுந்து நின்றது. ஒட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. "இதை எடுத்துட்டு இதே வகையில பெரிசா ஒண்ணு போட்டாப் போறும். ஒரே ஒரு குழிதான், தப்பவே தப்பாது. வாங்கிண்டு வாங்கோ, நான் போட்டுத் தரேன்" என்றாள்.

"வேண்டாம். நானே போடறேன்" என்றேன்.

அப்போதே அவளிடம் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. ஆனால் அந்தத் தகடு எழுந்து நின்ற நொடியில் என் மனசு முடிவு செய்துவிட்டது. இதை மாற்றுவது என் கையாக இருக்க வேண்டும். மாற்றிய லேப்டாப்பை அவன் கடை மேசையில், ஆட்கள் நிற்கும்போது, திறந்து வைக்க வேண்டும்.

மூன்று வாரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த நேரத்தில் அவன் கடையில் கூட்டம் அதிகம் என்று தெரிந்துகொள்ள, ஆபீஸ் விட்டதும் இரண்டு நாள் அந்தச் சந்து வழியாக நடந்தேன். ஐந்தரை மணி. எதிர்ச்சாரியில் பழக்கடையில் நின்று அவன் யார்யாரிடம் எப்படிப் பேசுகிறான் என்று கவனித்தேன். பேச வேண்டியதை பஸ்ஸில் உட்கார்ந்து மலையாளத்தில் ஒத்திகை பார்த்தேன். இந்த ஊரில் பிறந்து, மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் குறிப்பெழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இருந்தும் கோபம் வந்தால் தமிழ்தான் முந்திக்கொண்டு வருகிறது. தமிழில் திட்டினால் அவன் சிரித்துவிடுவான் என்று தோன்றியது. அதனால் ஒவ்வொரு வாக்கியமாகத் தேடித்தேடிச் சேர்த்தேன். என் கணவர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். சண்டை சச்சரவு ஆகாது அவருக்கு. "அந்த ஆளை விடு, இதோட முடிஞ்சது" என்றார். எனக்கு முடியவில்லை.

இணையத்தில் வாங்கிய மெமரி அஷ்டமியன்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. நான் பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பூஜை வைப்பு என்றால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிப்பு, எழுத்து, தொழில் எதுவும் தொடக் கூடாது. புத்தகம், பேனா, கணவரின் துறைமுகத் தொப்பி, என் ஆபீஸ் சாவி எல்லாம் வைத்தாயிற்று. லேப்டாப்பையும் கொண்டுவரச் சொன்னேன்.

"அம்மா, சனிக்கிழமை டெஸ்ட். இன்னிக்கே லேப்டாப்பைப் பூஜைக்கு வெச்சா நான் எதுல ப்ராக்டீஸ் பண்றது?"

"வித்வான் வீணையை வெக்கலையா?"

"அவருக்குச் சனிக்கிழமை ரெண்டு மணிக்குக் கச்சேரி இருந்தா வெப்பாரா?"

"ஒரு நாளைக்குள்ள ஒண்ணும் மறந்து போகாது. போன தடவை விழுந்து விழுந்து ப்ராக்டீஸ் பண்ணித்தானே போனே. என்ன ஆச்சு?"

அவள் லேப்டாப்பை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள நானும் பின்னாலேயே போகவில்லை.

எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். புது மெமரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. பெட்டிக்கு வைத்தால் அது பெட்டிக்கு வைத்த பொட்டுதானே என்று தோன்றியது. திறந்து வெளியே எடுத்தேன். பச்சைத் தகட்டின் ஓரத்தில் பொன் நிறத்தில் வரிசையாகக் கோடுகள், பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை போல. தகட்டின் மேல் முழுக்கக் கறுப்புச் சதுரங்களும் ஸ்டிக்கரும். பொட்டு வைக்க அழகான இடம் அந்தக் கரைதான். கல்லில் இழைத்த சந்தனத்தை அங்கே குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். வைக்கும்போது என் மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் வெட்கப்பட்டு நிற்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். எதை முதலில் வேண்டினேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பூஜை எடுத்தோம். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் எல்லோரும் எழுதினோம். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். உள்ளே போனால் போன் எடுக்க மாட்டார். எடுத்த ஆயுதத்தால் அன்றே ஒரு வேலையாவது செய்ய வேண்டும் என்பது வழக்கம். மகளைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தகட்டிலிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கட்டைவிரலால் தட்டினேன், உதிர்ந்தது. முந்தானையால் ஒரு தடவை துடைத்தேன். பழையதைக் கழற்றிப் புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தினேன். கிளிப் விழுந்த சத்தம் அவ்வளவு திருப்தியாக இருந்தது.

பிறகுதான் அந்த பீப்.

புதியதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். அதே பீப். சார்ஜரைப் பிடுங்கிப் போட்டேன். மறுபடியும் அதே. பழைய மெமரியோடு வியாழக்கிழமைவரை ஓடிய மெஷின் இது. அப்படியானால் மெமரியில் கோளாறில்லை, குழியில்தான் கோளாறு. அந்தக் குழியைத் தொட்டவன் யார்? இரண்டு நாள் வைத்திருந்தவன். ஏதோ ஒன்றை நோண்டி அரைகுறையாக ஒட்டி அனுப்பியிருக்கிறான், நான் கழற்றியதும் விட்டுவிட்டது. இப்படித்தான் என் மனசில் ஓடியது. ஒரு கண்ணியிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. பூஜைக்குக் கடை பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் பதினோரு தடவை அடித்தேன். அலுவலகப் பெண்ணுக்கு அடித்திருக்கலாம். 'நானே போடறேன்' என்று சொன்ன வாயால் அவளிடம் கேட்க மனம் வரவில்லை. அந்த வெட்கத்தையும் சேர்த்து அவன்மேல் ஏற்றினேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். முதல் இரண்டும் தமிழில்: நீ பொய்யன், பெண்பிள்ளை என்று இளக்காரமாகப் பேசினாய், உன் பொய்யால் ஒரு வேலை போச்சு, இன்று இரண்டாவதும் போகிறது. மூன்றாவதை மலையாளத்தில், நிதானமாக, ஒத்திகை பார்த்த வாக்கியங்களோடு அனுப்பினேன். நான்காவது ஒத்திகையில் இல்லாதது. உனக்கும் ஒரு பெண் இருந்தால், அவளும் ஒருநாள் உன் பொய்யால் எல்லாம் போய் உட்காரட்டும், அதை நீ வாசலில் நின்று பார்க்க வேண்டும் என்றேன். மலையாளத்தில்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

பதினொன்றரைக்கு மகள் கோவிலிலிருந்து வந்தாள். கவிழ்ந்து கிடந்த லேப்டாப்பையும் என்னையும் பார்த்தாள்.

"என்ன அம்மா?"

"அந்தப் பாவி குழியைக் கெடுத்து வெச்சிருக்கான்."

அவள் நெற்றியில் கோவில் சந்தனம் ஈரமாக இருந்தது. புதுத் தகட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மா, இதுக்கும் பொட்டு வெச்சியா?"

"எல்லாத்துக்கும்தான் வெச்சேன்."

"எங்கே வெச்சே?"

விரலால் காட்டினேன். காட்டும்போதே எனக்கும் தெரிந்தது. பொன் கோடுகளுக்கு நடுவே மெல்லிய மஞ்சள் படலம், கண்ணாடியில் படிந்த தூசு போல. செருகியபோது அது குழிக்குள்ளும் போயிருக்கிறது. அதனால்தான் பழையதும் பேசவில்லை.

மகள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. "எனக்கு நெத்தியில வெச்சது போறாதா அம்மா?" என்றாள். பிறகு குரல் மாறியது. "சரி. அழாதே. டென்ஷன் அடிக்காதே. நீ டென்ஷன் அடிச்சா நானும் உடைஞ்சு போயிடுவேன். அப்பாவோட ஊசிப் பெட்டியை எடுத்துண்டு வா."

அவருக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் துண்டுகள் அதில் உண்டு. அவள் பென்சில் ரப்பரால் பொன் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட் துண்டால் துடைத்தாள். பிரிக்காத டூத் பிரஷ் ஒன்றைப் பிரித்துக் குழியைச் சுத்தம் செய்தாள். மஞ்சள் துகள்கள் வந்தன. நான் டார்ச் பிடித்தேன்.  வெளிச்சம் விலகியது, "பிடி அம்மா, சரியாப் பிடி" என்று இரண்டு முறை சொன்னாள். பன்னிரண்டே முக்காலுக்குப் பழையதைப் போட்டுப் பார்த்தோம். திரை ஒளிர்ந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போறும்டீ. இதோடயே விட்டுடு" என்றேன்.

"இது போட்டா இருபத்திரண்டாவது நிமிஷம் நிக்கும்."

"புதுசு போட்டு வராமலே போனா?"

"அப்போ இருபத்திரண்டு நிமிஷம்கூட இல்லை. அவ்வளவுதானே?" என்றபடி மூடியைத் திறந்தாள்.

புதியதைப் போட்டு அழுத்தினோம். பீப் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடிகார முள் ஒரு சுற்றுக்கு மேல் போனது. புது மெமரியை முதல் தடவை கண்டால் மெஷின் அதை எண்ணிப் பார்க்க நேரம் எடுக்கும் என்று அவள் முணுமுணுத்தாள், எனக்குச் சொன்னாளா தனக்கா தெரியவில்லை. பிறகு திரை வந்தது. மெமரி இரண்டு மடங்காகக் காட்டியது. அவள் எழுந்து குளிக்கப் போனாள்.

அப்போதுதான் போனைப் பார்த்தேன். நான் அனுப்பிய நான்கிலும் நீல டிக் விழுந்திருந்தது. பதில் இல்லை.

குழியை அவன் கெடுக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நியாயமாக எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. சந்தனம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பொய் அவனுடையது. அவன் அன்றே இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் முதல் பரீட்சையிலேயே என் பெண் ஜெயித்திருப்பாள். விஜயதசமியன்று நான் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நான்காவதை மட்டுமாவது அழிக்கலாமா என்றும் யோசித்தேன். ஒன்றும் செய்யாமல் போனை அரிசி டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்று ஐம்பதுக்கு அவள் தெருப்பக்க அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அறை ஜன்னல் நேராகத் தெருவைப் பார்க்கும். ஜன்னலைச் சாத்தினால் அறையில் காற்று இல்லை, அதனால் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தாள். அறைக்குள் வேறு ஆள் குரல் கேட்டால் யாரோ பதில் சொல்லிக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு பரீட்சையை நிறுத்திவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். குக்கரை அணைத்தேன். அழைப்பு மணியின் ஸ்விட்ச் மேல் வெளியே தெரியும்படி 'அடிக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன், மலையாளத்திலும் தமிழிலும்.

இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது. போனது. உள்ளே அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஐம்பதுக்கு ஒரு ஸ்கூட்டர் வாசலில் நின்றது. கதவிடுக்கில் பார்த்தேன். அவன்தான். ரிப்பேருக்குக் கொடுத்த சீட்டில் எங்கள் முகவரி இருந்ததே. ஹெல்மெட்டைக் கழற்றி, நான் ஒட்டிய காகிதத்தைப் படித்து, வாயைத் திறந்தான்.

"சேச்..."

நான் ஓடிப்போய் வெளியே நின்று உதட்டில் விரலை வைத்தேன். இன்னொரு கையால் ஜன்னலைக் காட்டினேன். மூன்று வாரம் சேர்த்துவைத்த அத்தனை வாக்கியமும் என்னிடம் இருந்தது, ஆளும் எதிரே இருந்தான், என்னால் ஒரு எழுத்துகூடப் பேச முடியவில்லை. அவனால் முடியும். ஒரு தடவை உரக்கச் சொன்னால் போதும், என் பெண்ணின் பரீட்சை முடிந்துவிடும். அந்த நான்கு செய்திகளைக் கேட்டுவிட்டு வந்தவன்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். உள்ளிருந்து அவள் குரல் வந்தது. அவன் உதடுகள் மட்டும் அசைந்தன. "டெஸ்டா?"

தலையசைத்தேன்.

அவன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் உருட்டிக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றான். அந்த நேரத்தில் அங்கே நிழல் கிடையாது. எங்கள் பக்கம் நிழல் இருந்தது. வா என்று நான் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வேர்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை.

ஒரு சமயம் உள்ளே அவள் குரல் நின்றது. நீண்ட நேரம் வரவில்லை. நின்றுபோச்சு, உறைந்துபோச்சு என்று நினைத்தேன். இடுக்கில் பார்த்தபோது அவனும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்திருந்தான். பிறகு அவள் ஏதோ சொன்னாள், உள்ளே யாரோ சிரிப்பது மாதிரி ஸ்பீக்கரில் கேட்டது. அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

மூன்றரைக்கு அறைக் கதவு திறந்தது. "முடிஞ்சது. ஒரு தடவைகூட நிக்கலை" என்றாள் மகள். செம்போடு தண்ணீர் குடித்தாள். "நான் தூங்கப் போறேன், யாரும் கூப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நான் அவளிடம் வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தேன். அவன் தெருவைக் கடந்து வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஒட்டிப் பிடிச்சிருக்குன்னு சொன்னது பொய்தானே?" என்று நானே ஆரம்பித்தேன். குரல் உயர்ந்தது, இனி அடக்க வேண்டியதில்லை.

"பொய்தான்."

மறுப்பான் என்று வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாயின. "தெரிஞ்சு சொன்னதா?"

"தெரிஞ்சுதான். பழசுல மெமரி மாத்தினா புதுசு விக்காது. எல்லாரிடமும் சொல்றது. சேச்சிகிட்டயும் சொன்னேன்." அவன் என்னைப் பார்த்துப் பேசவில்லை, பின்னால் இருந்த நிலைப்படியைப் பார்த்துப் பேசினான். "கடைப் போனையும் சாமானோட பூஜைக்கு வெச்சிருந்தேன். எடுத்துத் தந்தது என்ட மோளு. ஏழாங்கிளாஸ். தரும்போ நாலும் கேட்டு முடிச்சிருந்தா."

 நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் உள்ளே எங்கோ ஒரு மூலையில், பட்டது, சரியான இடத்தில் பட்டது என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து என்கிட்ட மிண்டல. ஒரு வார்த்தை பேசல, சோறும் தின்னல. அச்சன் அந்த ஆண்ட்டிகிட்ட பொய் சொன்னதான்னு மட்டும் ஒரு தடவை கேட்டா. இல்லன்னு சொல்லிட்டேன்." போனை எடுத்து என் பக்கம் நீட்டினான். "சேச்சி மன்னிக்க வேண்டாம். கடைக்கு வந்து எல்லார் முன்னாலயும் என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ, நின்னு கேட்டுக்கறேன். அவளுக்கு ஒரு வாய்ஸ் மட்டும் அனுப்பு. அச்சன் பொய் சொல்லல, நாந்தான் ஆள் தெரியாம பேசிட்டேன்னு. நான் சொன்னா நம்ப மாட்டா. சேச்சி சொன்னா நம்புவா."